பாதைக்குரிய ஹக்: ஒட்டகத்தின் கடிவாளம் முதல் நமது கைபேசி வரை

பள்ளிவாசலில் தோளோடு தோள் சேர்ந்து ஸஃப்பில் நிற்கிறோம். முன்வரிசையில் இருப்பவர் ருகூஉவிலிருந்து எழச் சற்றுத் தாமதித்தாலும் நாம் முகம் சுளிப்பதில்லை. அதே மனிதர் பத்து நிமிடம் கழித்துக் கடைத்தெரு சிக்னலில் பச்சை விளக்கு எரிந்த பின் ஒரு விநாடி தாமதித்துவிட்டால், அவருக்குப் பின்னாலிருந்து எத்தனை ஹாரன்கள் அலறுகின்றன! கண்ணாடியை இறக்கி வசைச்சொல் வீசுவோரும் உண்டு. வண்டியை விட்டு இறங்கிச் சட்டையைப் பிடிப்போரும் உண்டு. இன்னொரு புறம், ஒரு கையில் கைபேசியையும் மறு கையில் வண்டியையும் பிடித்துக்கொண்டு, எதிரே வருவது யாரென்றும் அறியாமல் செல்வோர் பெருகிவருகின்றனர்.

சாலை ஒழுக்கம் காவல்துறையின் பாடு, மார்க்கம் பள்ளிவாசலின் பாடு என்று நம்மில் பலர் பிரித்துவைத்திருக்கிறோம். சாலைச் சினமும் கவனச் சிதறலும் மோட்டார் வாகனங்களோடு பிறந்த நோய்கள் என்றும் எண்ணிக்கொள்கிறோம். இரண்டும் சரியல்ல என்பதற்கு நம் வரலாறே சான்று. ஒட்டகமும் குதிரையும் கோவேறு கழுதையும் மட்டுமே ஓடிய காலத்திலேயே, பாதையில் செல்வோரின் வேகத்தையும் கோபத்தையும் கவனமின்மையையும் பற்றி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பேசியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பின் வந்த இமாம்கள் அவற்றைச் சட்டமாக வகுத்திருக்கிறார்கள். அந்த வரலாற்றைச் சற்றுப் பின்தொடர்ந்து சென்றால், நம் வீட்டு வாசலில் தொடங்கும் தார்ச்சாலையை வேறு கண்ணோடு காண நேரும்.

மதீனாவின் தெருக்கள்

அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நபிமொழி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. பாதைகளில் அமர்வதைத் தவிர்த்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கூறினார்கள். தாங்கள் அமர்ந்து பேசிக்கொள்ள வேறு இடமில்லையே என்று தோழர்கள் முறையிட்டனர். அப்படியானால் பாதைக்கு அதன் ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்று பதில் வந்தது. அது என்ன ஹக் என்று கேட்டபோது, பார்வையைத் தாழ்த்துதல், பிறருக்குத் தொல்லை தராதிருத்தல், ஸலாமுக்குப் பதில் கூறுதல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகியவற்றை எடுத்துரைத்தார்கள்.

இங்கே ஆளப்பட்ட சொல்லைக் கவனிக்க வேண்டும். ஹக் என்பது பெற்றோருக்கு உண்டு, அண்டை வீட்டாருக்கு உண்டு, மனைவி மக்களுக்கு உண்டு. அந்த வரிசையில் பாதைக்கும் ஒரு ஹக் வைக்கப்பட்டிருக்கிறது. பாதைக்கு என்பது பாதையில் செல்லும் ஒவ்வொருவருக்கும் என்றே பொருள்படும். அவர் எந்த ஊரினர், எந்தச் சமயத்தினர், என்ன தொழில் செய்பவர் என்று பாதை கேட்பதில்லை. உரிமையைப் பறிப்பது வெறும் பண்புக்குறைவாக முடிந்துவிடாது என்பதும், அது மறுமையில் கணக்குக் கேட்கப்படும் விஷயம் என்பதும் நாம் அறிந்தவையே.

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாகவே நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டினார்கள். வழியில் கிடந்த முட்கிளையை அகற்றிய ஒருவருடைய பாவங்கள் மன்னிக்கப்பட்டதையும் எடுத்துரைத்தார்கள். முள்ளை அகற்றுவது ஈமான் என்றால், நாமே பாதையில் முள்ளாக நிற்பதற்கு என்ன பெயர் என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் மற்றொரு செய்தி, இன்றைய ஓட்டுநருக்கென்றே சொல்லப்பட்டதுபோல் அமைந்துள்ளது. அம்புகளை ஏந்தி நம் பள்ளிவாசல் வழியாகவோ கடைவீதி வழியாகவோ செல்பவர், அவற்றின் கூர்முனைகளைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அந்த மனிதர் யாரையும் தாக்கக் கிளம்பியவர் அல்லர். தம் வேலையாகச் செல்பவர்தாம். ஆயினும் கூர்மையான ஒன்றைக் கூட்டத்துக்குள் கொண்டுவருவதால், கூடுதல் கவனம் அவர்மேல் கடமையாகிறது. ஒதுங்கிப் போகும் பொறுப்பு வழிப்போக்கர்மேல் சுமத்தப்படவில்லை. ஆயிரம் கிலோ இரும்பை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிச் செல்பவருக்கும் இந்த நீதியே பொருந்தும்.

இரவில் பயணத்தை நிறுத்தி ஓய்வெடுப்பவர்கள் பாதையை விட்டு விலகித் தங்குமாறும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அது விலங்குகள் நடமாடும் வழி என்ற காரணமும் முஸ்லிம் தொகுப்பில் பதிவாகியுள்ளது. பின்விளக்கு எரியாமல் நெடுஞ்சாலை ஓரம் நிறுத்தப்பட்ட லாரிமேல் மோதி மாண்டவர்களின் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் நம் நினைவுக்கு வர வேண்டிய கட்டளை இது.

வழியின் அகலத்தைப் பற்றிப் பிணக்கு எழுந்தால் ஏழு முழம் விட வேண்டும் என்பதும் நபிவழியே. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 17இல் கூஃபா நகரம் எழுப்பப்பட்டபோது பெருவீதிகளுக்கு 40 முழம், அடுத்த நிலை வீதிகளுக்கு 30, அதற்கும் அடுத்தவற்றுக்கு 20, சந்துகளுக்கு 7 என்று அகலம் வகுக்கப்பட்டதை வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்துள்ளார். வீடுகளைக் கட்டியபின் எஞ்சிய இடத்தைத் தெருவுக்கு விடும் வழக்கம் அங்கே இல்லை. தெருவின் பங்கு முதலிலேயே ஒதுக்கப்பட்டது.

அரஃபாத்திலிருந்து திரும்பிய மாலை

ஹிஜ்ரி 10, கி.பி. 632. விடைபெறும் ஹஜ். அரஃபாவில் சூரியன் மறைந்ததும் பெருந்திரளான மக்கள் முஸ்தலிஃபாவை நோக்கிப் புறப்பட்டனர். ஒரே திசை, ஒரே வழி, ஒரே நேரம். அன்றைய அரபகத்தில் அதைவிடப் பெரிய போக்குவரத்து நெரிசலை எண்ணிப்பார்ப்பது கடினம்.

நபி (ஸல்) அவர்கள் கஸ்வா என்னும் தம் பெண் ஒட்டகத்தின் மீது வந்தார்கள். அதன் தலை சேணத்தின் முன்பகுதியில் படுமளவுக்குக் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருந்ததை ஜாபிர் (ரலி) அவர்கள் விவரிக்கிறார்கள். வலக்கையால் சைகை காட்டி, அமைதி, அமைதி என்று மக்களுக்கு உணர்த்தியபடி சென்றார்கள். பின்னாலிருந்து ஒட்டகங்களை அடித்து விரட்டும் ஓசையும் கூச்சலும் கேட்டபோது, சாட்டையால் சுட்டிக்காட்டி, விரைந்து ஓட்டுவதில் புண்ணியம் இல்லை என்று அறிவுறுத்தியதை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

அந்த மக்கள் வீண்வேலைக்காக விரையவில்லை. ஹஜ்ஜின் ஒரு கடமையிலிருந்து அடுத்த கடமைக்கு விரைந்தார்கள். வணக்கத்துக்காகவே என்றாலும், நெரிசலில் பிறரை இடித்துத் தள்ளும் வேகத்தில் நன்மை இல்லை என்று அங்கே தீர்க்கப்பட்டுவிட்டது. நோன்பு திறக்கும் நேரம் நெருங்கும்போது நம் ஊர்ச் சாலைகளில் வண்டிகள் பறக்கும் விதத்தை எண்ணிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை குத்பாவுக்குப் பிந்திவிட்டோம் என்று குறுக்குச் சந்தில் பாய்வதையும் எண்ணிப் பாருங்கள். பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்தவாறு விபத்தில் சிக்குவதைவிட, வழியில் ஓரமாக நிறுத்தி ஒரு மிடறு தண்ணீரில் நோன்பு திறப்பது எவ்வளவோ மேல்.

அதே பயணத்தில் நபி (ஸல்) அவர்களுக்குப் பின்னால் ஒட்டகத்தில் அமர்ந்துவந்தவர் உஸாமா பின் ஸைத் (ரலி). அந்தப் பயணத்தின் வேகம் எப்படி இருந்தது என்று பிற்காலத்தில் அவரிடம் கேட்கப்பட்டது. கூட்டத்துக்குள் மிதமாகச் சென்றார்கள், முன்னே இடைவெளி கிடைத்தபோது வேகத்தைக் கூட்டினார்கள் என்று அவர் கூறிய பதில் புகாரீயில் உள்ளது. வேகம் அடியோடு விலக்கப்படவில்லை. வழி திறந்திருக்கும்போது விரையலாம், வழியில் மனிதர் இருக்கும்போது நிதானிக்க வேண்டும் என்ற முழு ஒழுங்கும் அந்த ஒரு பதிலில் அடங்கியிருக்கிறது.

இன்னொரு பயணத்தில் அன்ஜஷா என்பவர் ஒட்டகங்களை ஓட்டிச் சென்றார். அவர் இனிய குரலில் பாடப் பாட ஒட்டகங்கள் வேகமெடுத்தன. ஒட்டகங்கள் மீது பெண்கள் அமர்ந்திருந்தனர். மெதுவாகச் செல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் அவரைப் பெயர் சொல்லி அழைத்து எச்சரித்தார்கள். ஏறியிருப்பவர்களைக் கண்ணாடிப் பாத்திரங்களுக்கு ஒப்பிட்டார்கள். அன்ஜஷாவிடம் கோபம் எதுவும் இல்லை. தம் பாட்டில் ஆழ்ந்து, ஏறியிருப்பவர்களை மறந்துவிட்டார், அவ்வளவுதான். பின்னிருக்கையில் மனைவியையும், பெட்ரோல் டேங்கின் மேல் குழந்தையையும் அமர்த்திக்கொண்டு, காதில் செருகிய பாட்டில் லயித்து இருசக்கர வாகனம் ஓட்டுபவருக்கு இதைவிட நேரான எச்சரிக்கை வேண்டுமா?

சினமும் தீர்ப்பும்

உபதேசம் கேட்டு வந்த ஒருவரிடம் கோபம் கொள்ளாதே என்று மட்டும் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அவர் திரும்பத் திரும்பக் கேட்டும் அதே பதிலே கிடைத்தது. மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவன் வீரன் அல்லன், சினம் எழும்போது தன்னை அடக்குபவனே வீரன் என்ற கருத்தையும் நாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆனால் அதை மத்ரஸாவிலேயே விட்டுவிட்டுத்தான் சாலைக்கு வருகிறோமோ என்று தோன்றுகிறது.

நபி (ஸல்) அவர்கள் முன்னிலையில் இருவர் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டனர். அவர்களுள் ஒருவருடைய முகம் சிவந்து நரம்புகள் புடைத்தன. அவர் ஷைத்தானை விட்டு அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினால் அந்தக் கோபம் நீங்கிவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை ஒருவர் சென்று அவரிடம் தெரிவித்தார். எனக்கென்ன பைத்தியமா என்று அவர் சீறினார். மனித இயல்பை இந்த நிகழ்ச்சி எவ்வளவு துல்லியமாகக் காட்டுகிறது! சினம் தலைக்கேறியவருக்கு மருந்தைச் சொன்னாலும் அதுவும் வசவாகவே கேட்கும். ஆகவே நடுச்சாலையில் ஒருவர் வெறிகொண்டு கத்தும்போது அவருக்குப் புத்தி புகட்டும் பொறுப்பை நாம் ஏற்கத் தேவையில்லை. அறிவற்றவர்கள் பேச்சுக்கு இழுத்தால் ஸலாம் என்று கூறி விலகிச் செல்வதை ரஹ்மானின் அடியார்களுடைய பண்பாக ஸூரத்துல் ஃபுர்கான் காட்டித் தருகிறது. அவர்கள் பூமியில் பணிவாக நடப்பவர்கள் என்பதும் அதே வசனத்தில்தான் உள்ளது.

சினத்தைப் பற்றிய மற்றொரு சட்டமும் இங்கே பொருந்தும். நபித்தோழர் அபூபக்ரா (ரலி) அவர்கள், ஸிஜிஸ்தானில் நீதிபதியாக இருந்த தம் மகனுக்குக் கடிதம் எழுதினார்கள். கோபத்தோடு இருக்கும்போது இருவருக்கிடையே தீர்ப்பளிக்க வேண்டாம் என்றும், நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்திருக்கிறார்கள் என்றும் அதில் நினைவூட்டினார்கள். சினம் அறிவை மறைக்கும் என்பதே தடைக்குக் காரணம் என அறிஞர்கள் விளக்கினர். பசி, கடுந்தாகம், தூக்கம் ஆகியவற்றையும் அதே காரணத்தால் அதனோடு சேர்த்தனர். வண்டி ஓட்டுபவர் விநாடிக்கு விநாடி தீர்ப்பு வழங்கிக்கொண்டே இருக்கிறார். முந்தலாமா, நிற்கலாமா, அந்த முதியவர் கடந்துவிடுவாரா, அந்தச் சிறுவன் பந்தின் பின்னால் ஓடிவருவானா? தவறான தீர்ப்பை மேல்முறையீட்டில் திருத்திக்கொள்ள நீதிமன்றத்தில் வழியுண்டு. சாலையில் அது இல்லை.

ஃபிக்ஹு நூல்களில் ஒரு கால்நடை

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் தெருக்களில் நிகழும் தீமைகளுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். நடப்போர் வழுக்கி விழும்படி பழத்தோலை எறிவது, தண்ணீரைக் கொட்டுவது, குறுகிய வழியில் கால்நடையைக் கட்டிவைப்பது, பிறர் ஆடையைக் கிழிக்கும்படி முட்சுமை ஏற்றிச் செல்வது ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. நகரங்களில் முஹ்தஸிப் என்ற அதிகாரி இவற்றைக் கண்காணித்தார். பார்வையற்றோரும் குழந்தைகளும் கவனமின்றி நடப்போரும் எச்சரிக்கை பெறும்பொருட்டுச் சுமை விலங்குகளின் கழுத்தில் மணி கட்ட வேண்டும் என்ற விதி ஹிஸ்பா நூல்களில் காணப்படுகிறது. மணி பிறரைக் காப்பதற்காகக் கட்டப்பட்டது. இன்று ஹாரன் பிறரை விரட்டுவதற்காக அடிக்கப்படுகிறது. குரல்களில் வெறுக்கத்தக்கது கழுதையின் குரல் என்று கூறி, நடையில் மிதமும் குரலில் தாழ்வும் வேண்டுமென லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசம் குர்ஆனில் இருப்பதை ஹாரனில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் நினைக்கலாம்.

இவ்விஷயத்தில் ஃபிக்ஹு நூல்கள் காட்டும் நுணுக்கம் வியப்பூட்டுவது. கி.பி. 1197இல் மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்களின் ஹிதாயா, ஹனஃபீ மத்ஹபின் முதன்மையான நூல்களுள் ஒன்று. பொதுப்பாதையில் செல்வது அனைவருக்கும் அனுமதிக்கப்பட்டது, ஆனால் பிறருக்குத் தீங்கு நேராமை என்ற நிபந்தனையோடு அனுமதிக்கப்பட்டது என்ற அடிப்படையை அந்நூல் வகுக்கிறது. தவிர்க்க இயலும் தீங்கு எதுவோ அதற்குச் சவாரி செய்பவர் பொறுப்பு. தவிர்க்க இயலாததற்குப் பொறுப்பில்லை.

இந்த அளவுகோலைக் கொண்டு அந்நூல் ஒவ்வொன்றாக எடைபோடுகிறது. ஓடும் விலங்கு மிதித்தாலோ முட்டினாலோ கடித்தாலோ ஏறியிருப்பவர் ஈடு கொடுக்க வேண்டும். ஓடும்போது அது பின்காலால் உதைத்தாலோ வாலால் அடித்தாலோ அவர்மேல் குற்றமில்லை. ஏனெனில் முன்னோக்கிச் செல்பவரால் அதைத் தடுக்க முடியாது. ஆனால் அவர் விலங்கைப் பாதையில் நிறுத்திவைத்திருந்தால் அந்த உதைக்கும் அவரே பொறுப்பு. பாதையில் நிறுத்தாதிருக்க அவரால் முடியும் அல்லவா? குளம்பிலிருந்து தெறித்த தூசியோ சிறுகல்லோ ஒருவர் கண்ணைப் பாதித்தால் ஈடில்லை. பெருங்கல்லாயின் ஈடு உண்டு. முரட்டுத்தனமாக ஓட்டினால்தான் பெருங்கல் தெறிக்கும் என்பது அவர்களின் வாதம்.

பின்னால் ஏறி அமர்ந்திருப்பவரும் பொறுப்பில் ஓட்டுபவரைப் போன்றவரே என்று ஹனஃபீ நூல்கள் கூறுகின்றன. ஒருவர் ஏறியிருக்கும் விலங்கை வேறொருவர் அவருடைய அனுமதியின்றிக் குத்திக் கிளப்பிவிட்டு, அது யாரையேனும் உதைத்தால், குத்தியவர்மேல் பொறுப்பு விழுகிறது. வேகமாகப் போ, அவனை முந்து என்று பின்னிருக்கையிலிருந்து உசுப்பும் நண்பரும், வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தும் விடாமல் கைபேசியில் அழைத்துக்கொண்டே இருக்கும் உறவினரும் இந்தச் சட்டத்தின் முன்னால் சற்று நின்று யோசிப்பது நல்லது.

நம் கடலோர ஊர்களில் பெரும்பான்மையாகப் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹப் இன்னும் கண்டிப்பானது. விலங்கோடு இருப்பவர், அது உயிருக்கும் பொருளுக்கும் விளைவிக்கும் சேதத்துக்கு இரவாயினும் பகலாயினும் பொறுப்பாவார் என்பது இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் தரும் விதி.

பல நூற்றாண்டுகளுக்குப் பின், 1869 முதல் 1876 வரை உஸ்மானியப் பேரரசில் அஹ்மத் ஜவ்தத் பாஷாவின் தலைமையில் மஜல்லா என்னும் சட்டத்தொகுப்பு உருவானது. அதன் 926ஆம் விதி, பொதுப்பாதையில் செல்லும் உரிமையைப் பிறர் பாதுகாப்பு என்ற அதே பழைய நிபந்தனைக்கு உட்படுத்தியது. சுமைதூக்கியின் முதுகிலிருந்து விழுந்த மூட்டை பிறர் பொருளைச் சேதப்படுத்தினால் அவர் ஈடு தர வேண்டும். கொல்லன் பட்டறையிலிருந்து தெறித்த தீப்பொறி வழிப்போக்கரின் ஆடையைச் சுட்டால் கொல்லர் ஈடு தர வேண்டும். இருவரும் வேண்டுமென்று செய்தவர்கள் அல்லர். ஆயினும், நான் வேண்டுமென்று செய்யவில்லை என்ற சொல் அங்கே போதுமானதாக இல்லை.

இயந்திரம் வந்த பின்

1886இல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தமது மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த சில பத்தாண்டுகளில் உலகின் சாலைகள் அனைத்தும் மாறிப்போயின. இந்தியாவுக்கான மோட்டார் வாகனச் சட்டம் 1914இல் வந்தது. பின்னர் 1939, 1988 ஆகிய ஆண்டுகளில் புதிய சட்டங்கள் இயற்றப்பட்டன. விலங்குக்குச் சொந்தக் கண்ணும் சொந்த அச்சமும் உண்டு. ஓட்டுபவர் அயர்ந்தாலும் குதிரை பள்ளத்தில் குதிக்காது. மோட்டார் வாகனத்துக்குக் கண் இல்லை. ஓட்டுபவரின் கண்ணே அதன் கண். எனவே பழைய சட்டம் தளர்வதற்கு மாறாக மேலும் இறுக வேண்டிய காலம் பிறந்தது.

1993 ஜூன் மாதம் புரூணையின் தலைநகர் பந்தர் ஸெரி பெகாவானில் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் எட்டாவது அமர்வு கூடியது. பல நாடுகளின் மார்க்க அறிஞர்கள் சாலை விபத்துகளைப் பற்றி அங்கே ஆராய்ந்து தீர்மானம் நிறைவேற்றினர். ஷரீஅத்துக்கு முரண்படாத போக்குவரத்து விதிகளைப் பேணுவது மார்க்கக் கடமை என்று அத்தீர்மானம் அறிவித்தது. வாகனத்தால் பிறர் உயிருக்கும் பொருளுக்கும் நேரும் தீங்குக்கு ஓட்டுநர் பொறுப்பாளி என்றும் அறிவித்தது. தடுக்கவோ தவிர்க்கவோ முடியாத பெருநிகழ்வு, பாதிக்கப்பட்டவரின் சொந்தச் செயலே காரணமாக இருத்தல், மூன்றாம் நபரின் தவறு ஆகிய நிலைகளில் மட்டுமே அவருக்கு விலக்கு உண்டு. சிவப்பு விளக்கைத் தாண்டுவது அபராதத்தோடு முடிந்துபோகும் விஷயம் என்று கருதுவோர் இத்தீர்மானத்தை ஊன்றிப் பார்க்க வேண்டும்.

இதன் கனம் முழுதும் புரிய வேண்டுமானால் ஸூரத்துன் நிஸாவின் 92ஆம் வசனத்தை அணுக வேண்டும். தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவர் குறித்து அது பேசுகிறது. இறந்தவரின் குடும்பத்தார் மன்னித்தாலன்றி அவர்களுக்குத் தியத் என்னும் இழப்பீடு சேர வேண்டும். அதோடு கப்பாரா உண்டு. ஓர் அடிமையை விடுதலை செய்வதே அது, இயலாதவர் இரண்டு மாதங்கள் இடைவிடாமல் நோன்பு நோற்க வேண்டும். இறந்தவர் உடன்படிக்கை கொண்ட வேற்றுச் சமூகத்தவராயினும் தியத்தும் கப்பாராவும் உண்டென்று அதே வசனம் கூறுகிறது. மிதிபட்டு ஒருவர் இறந்தால், சவாரி செய்தவரின் பாரமே அவரைக் கொன்றது என்று கண்டு, அவர்மேல் கப்பாராவும் கடமை என ஹிதாயா முடிவு செய்கிறது.

தியத்தை உறவினர் கூட்டம் பகிர்ந்து செலுத்தும் முறை அன்று இருந்தது. ஆனால் கப்பாராவை யாரும் பகிர்ந்துகொள்ள முடியாது. அந்த அறுபது நாள் பசியும் கொன்றவருக்கே உரியது. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு சிரிப்புப் படத்தைப் பார்க்கக் குனிந்த நேரத்தில் ஒரு வீட்டின் உழைப்பாளியைச் சாய்த்துவிட்டவர், காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டிவிட்டதே என்று நிம்மதி கொள்ள நம் மார்க்கம் இடம் தரவில்லை. ஒவ்வொரு விபத்திலும் யார்மேல் எவ்வளவு பொறுப்பு என்பதைத் தகுதிவாய்ந்த ஆலிம்களிடம் கேட்டுத் தெளிய வேண்டும். கேட்க வேண்டிய நிலை நமக்கு வராதிருக்க வேண்டும் என்பதே நம் கவலை.

நமது தெருமுனையில்

மத்திய அரசின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் இறந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடம் வகித்தது நமது தமிழ்நாடு. வாகனம் ஓட்டும்போது கைபேசி பயன்படுத்துவோர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மூன்று விநாடிகளில் 50 மீட்டர் தூரத்தைக் கடந்துவிடும். அழைத்தவர் பெயரைப் பார்க்கக் குனிந்து நிமிர்வதற்கு அவ்வளவு நேரம் போதும். அந்த 50 மீட்டரையும் நாம் கண்ணை மூடிக்கொண்டே கடக்கிறோம்.

இதை நம் குடும்பங்களிலிருந்தே தொடங்க வேண்டும். ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் இடையே, அல்லது தலையை மூடிய துணிக்குள், கைபேசியைச் செருகிக்கொண்டு பேசியபடி ஓட்டும் வழக்கம் ஆண்களிடமும் பெண்களிடமும் பரவியிருக்கிறது. கைகள் இரண்டும் வண்டியில் இருந்தாலும் மனம் பேச்சில் இருக்கும். வண்டியைக் கிளப்புமுன் கைபேசியின் ஒலியை அடக்கிப் பையில் வைக்கலாம். பயணத்துக்குரிய துஆவை ஓதிய வாய், அடுத்த நொடியே கைபேசியில் பேசத் தொடங்காதிருந்தால் அந்த துஆவுக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே. வெளியே சென்றவரை அழைத்தால், வண்டியில் இருக்கிறீர்களா என்று முதலில் கேட்டு, ஆம் எனில் உடனே துண்டித்துவிடுவதை வீட்டார் பழக்கமாக்கிக்கொள்ளலாம்.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் கையில் வண்டிச் சாவியைக் கொடுப்பதைப் பாசம் என்று கருதும் பெற்றோர் பலர். 2019இல் திருத்தப்பட்ட சட்டம், சிறார் ஓட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கிறது. அமானிதமாகத் தரப்பட்ட பிள்ளையை, பிறருடைய பிள்ளைக்கு ஆபத்தாக மாற்றி அனுப்புவது எந்தப் பாசத்திலும் சேராது. நிக்காஹ் ஊர்வலங்களில் இளைஞர்கள் வண்டிகளை முறுக்கிச் சாகசம் காட்டுவதையும் பெரியவர்கள் புன்னகையோடு பார்த்து நிற்பது தகாது.

பிறர் நம்மேல் சினந்தால் என்ன செய்வது? வழி விட்டுவிடுவோம். அதனால் குறைவது அரை நிமிடம். வண்டியை விட்டு இறங்க வேண்டாம், பின்தொடர வேண்டாம், பதிலுக்கு விளக்கை மின்னவும் வேண்டாம். தவறு நம்முடையதாயின் கையை உயர்த்தி வருத்தம் தெரிவிப்போம். பல சண்டைகள் அந்த ஒரு சைகையில் அணைந்துவிடும். ஒருவர் விடாமல் துரத்தினால் வீட்டுக்குச் செல்லாமல் ஆள் நடமாட்டமுள்ள இடத்திலோ காவல் நிலையத்தின் முன்னோ நிறுத்தி, 112 எண்ணை அழைக்கலாம். பின்னிருக்கையிலிருந்து நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சபூர் என்ற சொல்லின் பொருளை அவர்கள் நம் முகத்திலிருந்துதான் படிக்கிறார்கள்.

விபத்து நேர்ந்துவிட்டால் தப்பி ஓடுவது குற்றத்தின்மேல் குற்றம். அடிபட்டவருக்கு உதவுபவரைத் துன்புறுத்தாதிருக்கச் சட்டம் 2019 முதல் பாதுகாப்பு வழங்குகிறது. அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைத் தமிழ்நாடு அரசின் இன்னுயிர் காப்போம் திட்டம் ஏற்கிறது. ஆகவே 108க்கு அழைக்கத் தயங்க வேண்டியதில்லை.

ஜமாஅத்துகளும் இதில் தம் பங்கை ஆற்றலாம். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசல் முன் தாறுமாறாக நிறுத்தப்படும் வண்டிகளால் ஆம்புலன்ஸுக்கும் அண்டை வீட்டாருக்கும் வழி அடைபடும்போது, தொழுகையின் பெயரால் பாதையின் ஹக் பறிபோகிறது. விலங்கைப் பாதையில் நிறுத்திவைத்தவர்மேல் அதன் பின்காலின் உதைக்கும் பொறுப்பைச் சுமத்திய இமாம்கள் இதைக் கண்டால் என்ன கூறியிருப்பார்கள்? இரண்டு இளைஞர்களை நிறுத்தி வண்டிகளை ஒழுங்குபடுத்துவது எந்த நிர்வாகத்துக்கும் இயலக்கூடியதே. ஆண்டுக்கு ஓரிரு குத்பாக்களைப் பாதையின் ஹக்கைப் பற்றி அமைத்துக்கொண்டால் பயன் பெரிது.

அன்று அரஃபாத் மாலையில் கடிவாளத்தை இழுத்துப் பிடித்த அந்தக் கரத்தின் ஸுன்னத், தாடியிலும் தொப்பியிலும் நாம் பேணும் ஸுன்னத்துகளுக்குக் குறைந்ததன்று. நம் கையிலும் ஒரு கடிவாளம் இருக்கிறது. அதைச் சினத்திடமோ கைபேசியிடமோ ஒப்படைக்காமல் இருப்போமாக. நம் கைகளாலும் நாவாலும் வாகனங்களாலும் எவருக்கும் தீங்கு நேராமல் வல்ல ரஹ்மான் காப்பானாக! சாலைகளில் உறவுகளை இழந்து தவிக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் அழகிய பொறுமையை அருள்வானாக! ஆமீன்.